அணைகளை ஏன் இடிக்கிறார்கள்? கிளாமத் ஆறும் ஸ்நேக் ஆறும்

2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு நீர்மின் அணைகளை அகற்றும் பணி நிறைவடைந்தது. அந்நாட்டு வரலாற்றில் இவ்வளவு பெரிய அணை அகற்றம் அதற்கு முன் நடந்ததில்லை. வறட்சிக்குப் பெயர்போன கலிஃபோர்னியாவில், அதுவும் புகையில்லாத மின்சாரத்துக்கு உலகமே அலைகிற காலத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின் நிலையங்களை மூடி அணைகளை ஏன் உடைக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. வடக்கே வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் ஸ்நேக் ஆற்றிலும் நான்கு அணைகளை அகற்றக் கோரி முப்பது ஆண்டுகளாகப் போராட்டமும் வழக்குமாக இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு கல்லும் நகரவில்லை. இரண்டு ஆறுகளிலும் பேசப்படும் மீன் சால்மன்தான். நாடும் ஒன்று, அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டமும் ஒன்று. அப்படியிருக்க இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இந்த விவாதத்தை "மீனா, மின்சாரமா" என்று சுருக்கிவிட்டால் இதற்கு விடை கிடைக்காது. ஓர் அணை என்னென்ன வேலை செய்கிறது, அந்த வேலையை வேறு எதைக்கொண்டு செய்யலாம், செலவை யார் ஏற்பார், முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பவற்றை ஒவ்வோர் அணைக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

எல்லா அணையும் பாசன அணை இல்லை

அணை என்றதும், மழைக்காலத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்து வயலுக்குத் திறந்துவிடும் ஏற்பாடுதான் நம் நினைவுக்கு வரும். கிளாமத்தில் அகற்றப்பட்ட காப்கோ 1 (1918), காப்கோ 2 (1925), ஜே.சி. பாயில் (1958), அயர்ன் கேட் (1962) ஆகிய நான்கும் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. காப்கோ என்பதே முதலில் கட்டிய கலிஃபோர்னியா ஓரிகன் மின் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். ஆற்றின் பெரிய பாசனத் திட்டம் இவற்றுக்கு மேலே, ஓரிகன் மாநிலத்தில், மேல் கிளாமத் ஏரியை ஒட்டி இருக்கிறது. அந்த ஏரியின் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் லிங்க் ரிவர் அணையும், அதற்குச் சற்றுக் கீழே உள்ள கீனோ அணையும் இன்றும் நிற்கின்றன. உருளைக்கிழங்கு, வெங்காயம், குதிரைமசால் விளையும் வயல்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. ஆகவே நான்கு அணைகளை உடைத்ததால் அந்த வயல்கள் காய்ந்தன என்று யாரேனும் சொன்னால் அது ஆற்றின் வரைபடத்தைப் பார்க்காமல் சொல்வதாகும். தண்ணீர் முதலில் வயலுக்குப் பிரிகிறது, பிறகுதான் அந்த நான்கு அணைகளும் இருந்த இடத்துக்கு வருகிறது.

நான்கின் மொத்த நிறுவுதிறன் 163 மெகாவாட். இந்தியாவில் ஓர் அனல்மின் அலகே 500 மெகாவாட், 660 மெகாவாட் என்று அமைக்கப்படுகிறது என்பதை வைத்து இந்த அளவைப் புரிந்துகொள்ளலாம். உரிமையாளரான பசிஃபிகார்ப் நிறுவனத்தின் மொத்த மின் உற்பத்தியில் இது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை.

சால்மனுக்கு அணை செய்வது

சால்மன், மலையோடைகளின் சரளைக்கற்களுக்கு இடையே முட்டையிலிருந்து வெளிவந்து, குஞ்சாக ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய், அங்கே சில ஆண்டுகள் வளர்ந்து, பிறந்த ஓடையைத் தேடி எதிர்நீச்சல் போட்டுத் திரும்பி வரும் மீன். பசிஃபிக் சால்மன் முட்டையிட்டதும் இறந்துவிடும். அதன் உடல் கடலின் சத்தை மலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. கரடியும் கழுகும் கரையோர மரங்களும்கூட அதனால் வாழ்கின்றன. கிளாமத் கரையில் வாழும் யூரோக், கரூக், ஹூப்பா, கிளாமத் பூர்வகுடிகளுக்கு இந்த மீன் உணவும் சடங்கும் உறவும் ஆகும். கிளாமத்தின் அணைகள் இந்த மீனை நான்கு வகையில் பாதித்தன.

1. வழி அடைபட்டது. மீன்கள் படிப்படியாக ஏறிச் செல்ல அணையின் ஓரத்தில் அமைக்கும் நீர்வழிக்கு மீன் ஏணி என்று பெயர். கடலிலிருந்து வரும் மீன் முதலில் சந்தித்த அயர்ன் கேட் அணையில் அது இல்லை. அதற்கு மேலே இருந்த சுமார் 640 கிலோமீட்டர் நீள ஆற்றுவழியும் கிளையோடைகளும் சால்மனுக்கு இல்லாமற்போயின.

2. நீரின் வெப்பம் பருவம் தவறியது. தேங்கிய நீர் கோடையில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறு குளிரத் தொடங்க வேண்டிய இலையுதிர் காலத்தில் அதை வெளிவிடுகிறது. சினூக் என்ற வகைச் சால்மன் ஆற்றில் ஏறுகிற மாதங்களும் அவைதான். குளிர்நீர் மீனுக்கு இது பெரும் துன்பம்.

3. நச்சுப் பாசி வளர்ந்தது. காப்கோ, அயர்ன் கேட் தேக்கங்களில் ஒவ்வொரு கோடையும் நீலப்பச்சைப் பாசி படர்ந்து, தண்ணீரைத் தொட வேண்டாம் என்று எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டியிருந்தது.

4. ஒட்டுண்ணி பெருகியது. வெள்ளம் வந்து புரட்டாத ஆற்றுப் படுகையில் ஒருவகைச் சிறு புழு செழித்து வளர்கிறது. சால்மன் குஞ்சுகளின் குடலைத் தாக்கும் செரட்டோநோவா ஷாஸ்டா என்ற ஒட்டுண்ணி அந்தப் புழுவின் உடலில்தான் தன் வாழ்வின் ஒரு பகுதியைக் கழிக்கிறது.

"ஏணி கட்டிவிட்டால் போதாதா" என்று கேட்பவர்கள் இந்தப் பட்டியலை இன்னொரு முறை பார்க்க வேண்டும். முதல் சிக்கலுக்கு ஏணி ஓரளவு விடையாகும். மற்ற மூன்றும் நீர் தேங்குவதாலும் ஓட்டம் மாறாமல் ஒரே சீராக இருப்பதாலும் வருபவை. ஏணியால் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2002 செப்டம்பரில் கிளாமத்தின் கீழ்ப்பகுதியில் குறைந்தது 34,000 மீன்கள் செவுள் நோயால் செத்து மிதந்தன. அணை அகற்றக் கோரிக்கைக்கு மக்கள் மனத்தில் வேகம் தந்த நிகழ்வு அதுதான். ஆனால் அதற்குப் பெரிய காரணம் வறட்சியும் ஆற்றில் நீர் குறைந்ததும் ஆகும். அதற்கு முந்தைய ஆண்டு உழவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தியதால் கொந்தளிப்பு எழுந்தது, மறு ஆண்டு வயலுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது, ஆறு மெலிந்தது. மீன் மின் அணைகளைத் தாண்ட முடியாததும், வயலோடு தண்ணீரைப் பங்கிட வேண்டியிருப்பதும் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். இப்போது முதலாவது தீர்ந்திருக்கிறது. இரண்டாவது அப்படியே இருக்கிறது.

உரிமம் முடிந்ததும் நடந்தது

அமெரிக்காவில் தனியார் நீர்மின் அணைகள் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமத்தில் இயங்குகின்றன. உரிமம் 30 முதல் 50 ஆண்டுகள் வரை செல்லும். கிளாமத் அணைகளின் உரிமம் 2006-இல் முடிந்தது. புதுப்பிக்கும்போது மீன்களுக்கு வழி அமைக்க வேண்டும் என்று மீன்வளத் துறைகள் கட்டளையிட்டால் ஆணையம் அதை உரிமத்தின் நிபந்தனையாகச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது சட்டம். துறைகள் அவ்வாறே கட்டளையிட்டன. ஏணிகளும் வடிகட்டிகளும் அமைக்க நிறுவனத்துக்குப் பல நூறு மில்லியன் டாலர் செலவாகும் என்று கணக்கு வந்தது. அவ்வளவு செலவழித்த பிறகு, விற்கும் மின்சாரம் முன்பைவிடக் குறைவாக இருக்கும், ஏனென்றால் ஏணியில் விடும் நீர் சுழலிக்குப் போகாது.

கிளாமத் விவகாரத்தின் முதுகெலும்பு இந்தக் கணக்குதான். நிறுவனம் மனம் மாறி மீனை நேசிக்கத் தொடங்கவில்லை. வைத்திருப்பதைவிட விட்டுவிடுவது மலிவு என்ற நிலை உருவானது. அந்த நிலை தானாக உருவாகவும் இல்லை. பூர்வகுடியினர் 2004-இல் ஸ்காட்லாந்துக்கே சென்று, அப்போது பசிஃபிகார்ப்பின் தாய் நிறுவனமாக இருந்த ஸ்காட்டிஷ்பவரின் பங்குதாரர் கூட்டத்தின்போது தங்கள் கோரிக்கையை வைத்தார்கள். நிறுவனம் பெர்க்ஷயர் ஹாத்தவேயின் கைக்கு மாறியபோது அதன் தலைமையகம் உள்ள ஒமாஹாவுக்குச் சென்றார்கள். உரிமம் முடியும் நாளுக்காகக் காத்திருந்து, அந்த நாளில் கேட்க வேண்டியதைக் கேட்கத் தயாராக இருந்த மக்கள் இவர்கள்.

2010-இல் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. அதனோடு இணைந்த நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவைப்பட்டது. 2015 முடிவுவரை அது கிடைக்கவில்லை, அந்த ஒப்பந்தம் காலாவதியானது. 2016-இல் நாடாளுமன்றத்தைச் சாராத வழி ஒன்றைக் கண்டார்கள். அணைகளைப் பெற்று இடிப்பதற்கென்றே கிளாமத் ஆற்று மீட்பு நிறுவனம் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு உருவானது. செலவுக்கு 450 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் 200 மில்லியன் மின் நுகர்வோரின் கட்டணத்திலிருந்தும், 250 மில்லியன் நீர்த் திட்டங்களுக்காகக் கலிஃபோர்னியா வெளியிட்ட கடன் பத்திரத்திலிருந்தும் வந்தன. இடிப்பில் ஏதேனும் தவறு நேர்ந்தால் பசிஃபிகார்ப் பொறுப்பேற்காது என்பது நிபந்தனை. அந்தப் பொறுப்பை இரு மாநிலங்களும் மீட்பு நிறுவனமும் ஏற்றன. 2022 நவம்பரில் ஆணையம் இறுதி ஒப்புதல் அளித்தது.

இடிப்பது எப்படி

அணையின் நடுவே வெடி வைத்தால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் சுவரைக் காட்டிலும் சிரமம் தருவது அதன் பின்னே நூறாண்டாகச் சேர்ந்திருக்கும் வண்டல். கிளாமத் தேக்கங்களில் ஒரு கோடி கன மீட்டருக்கும் அதிகமான வண்டல் இருந்தது. அதில் பெரும்பங்கு செத்த பாசி மக்கிய நைப்பான சேறு.

எல்லாவற்றிலும் சிறிய காப்கோ 2 அணை 2023-இலேயே அகற்றப்பட்டது. மற்ற மூன்றின் தேக்கங்களும் 2024 ஜனவரியில் வடிக்கப்பட்டன. அயர்ன் கேட்டில் அடிமட்டச் சுரங்கத்தின் கதவு திறக்கப்பட்டது. காப்கோ 1-இன் அடியில் துளைத்து வைத்திருந்த சுரங்கத்தின் கடைசிப் பகுதி வெடி வைத்துத் திறக்கப்பட்டது. குளிர்காலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: அப்போது ஆற்றில் மழை வெள்ளம் இருக்கும், சேற்றை வேகமாகக் கடலுக்குத் தள்ளும்; பெரும்பாலான சால்மன்கள் கடலிலோ கிளையோடைகளிலோ இருக்கும்.

ஆறு காப்பிக் கொட்டை நிறத்துக்கு மாறியது. மக்கிய பாசி நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிக்கொண்டதால் சில நாள்கள் அணைகளுக்குக் கீழே மீன்கள் செத்தன. வடிந்த காப்கோ தேக்கத்தின் சேற்றில் இறங்கிய மான்கள் சிக்கி மடிந்தன. மேலேயுள்ள மீன் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து விடப்பட்ட சுமார் 8,30,000 சினூக் குஞ்சுகள் அயர்ன் கேட் சுரங்கத்தைக் கடந்தபோது, அழுத்தம் திடீரென மாறியதால் உடலில் வாயுக் குமிழ்கள் உண்டாகி இறந்தன. சேறு அவற்றைக் கொல்லவில்லை. திறந்திருந்த சுரங்கத்தின் வழியே குஞ்சுகள் போக நேரும் என்பதை எண்ணாமல் அவற்றை மேலே விட்டதுதான் பிழை. இந்த இழப்புகளைச் சொல்லாமல் வெற்றிக் கதையை மட்டும் சொல்வது படிப்பவருக்குச் செய்யும் அநீதி.

சேறு வடிந்த நிலம் சில வாரங்களில் வெடித்துப் பாளம்பாளமாகக் காய்ந்தது. அதில் நட யூரோக் குழுவினர் பல ஆண்டுகளாகச் சுற்றுவட்டாரத்திலேயே நாட்டு விதைகளைச் சேகரித்து, பண்ணைகளில் பெருக்கி வைத்திருந்தார்கள். பல நூறு கோடி விதைகள் தூவப்பட்டன. வெளியிலிருந்து வந்த களைச்செடிகள் முந்திக்கொண்டு வேரூன்றிவிடக் கூடாது என்பதற்கான ஓட்டம் அது. ஆகஸ்ட் இறுதியில் கடைசித் தடுப்புகளும் நீங்கி ஆறு தன் பழைய படுகையில் ஓடியது.

எதிர்த்தவர்களின் பக்கம்

அணைகளில் மூன்று அமைந்திருந்த சிஸ்கியூ மாவட்டத்தில் 2010-இல் நடந்த கருத்தறியும் வாக்கெடுப்பில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் அகற்றத்தை எதிர்த்தார்கள். காப்கோ ஏரிக்கரையில் வீடு வாங்கி ஓய்வுக்காலத்தைக் கழித்தவர்களுக்கு முன்னே இப்போது ஏரி இல்லை. வீட்டின் மதிப்பும் கிணற்றின் நீர்மட்டமும் என்ன ஆகும் என்ற அவர்களது கவலை பொய்யன்று. காட்டுத்தீ அடிக்கடி வரும் பகுதியில் ஹெலிகாப்டர்கள் தண்ணீர் மொண்டது அந்தத் தேக்கங்களில்தான். ஜே.சி. பாயில் மின் நிலையம் கோடையிலும் குறித்த நேரத்தில் நீரைத் திறந்துவிட்டதால் படகுச் சவாரித் தொழில் நடந்தது. அந்த உறுதியான நீர்வரத்தும் போயிற்று. இழப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள், முடிவெடுத்தவர்கள் தொலைவில் இருப்பவர்கள் என்பது அவர்களது மனக்குறை.

அதே ஏரியின் அடியில்தான் ஷாஸ்டா பூர்வகுடிகளின் ஊர்களும் புனித இடங்களும் நூறாண்டு மூழ்கிக் கிடந்தன. அந்த நிலத்தில் சுமார் 2,800 ஏக்கரை அவர்களிடம் திருப்பித் தர 2024 ஜூனில் கலிஃபோர்னியா முன்வந்தது. "எங்கள் வீட்டின் முன்னால் இருந்த ஏரி" என்று ஒருவர் சொல்லும் இடம், இன்னொருவருக்கு "எங்கள் வீட்டின் மேல் இருந்த ஏரி". இரண்டு இழப்புகளையும் பார்த்த பிறகும், முதலில் நடந்த வெளியேற்றம் ஈடில்லாமல் நடந்தது என்பதை மறக்கக் கூடாது என்பதே என் கருத்து.

மீன்களின் வருகை

2024 அக்டோபர் 16 அன்று, ஜே.சி. பாயில் அணை இருந்த இடத்துக்கும் மேலே, ஓரிகனிலுள்ள ஒரு கிளையோடையில் சினூக் சால்மனை மாநில மீன்வளத் துறையினர் கண்டார்கள். கிளாமத்தின் ஓரிகன் பகுதிக்குக் கடலிலிருந்து சால்மன் வந்தது 1912-க்குப் பிறகு அதுவே முதன்முறை. கடைசித் தடுப்பு நீங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வழிகாட்ட ஒரு தலைமுறை மீனும் இல்லாத பாதையில், 300 கிலோமீட்டருக்கும் மேல் ஏறி வந்திருந்தது. 2025 இலையுதிர் காலத்தில் கீனோ, லிங்க் ரிவர் அணைகளின் ஏணிகளையும் கடந்து மேல் கிளாமத் ஏரிவரை சால்மன்கள் போயின.

இதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல இயலாது. வாஷிங்டனின் எல்வா ஆற்றில் 2011-இல் தொடங்கி 2014-இல் இரண்டு அணைகள் அகற்றப்பட்டன. அங்கே கீழ் எல்வா கிளாலம் பூர்வகுடியினர் மீண்டும் தூண்டில் போட, அதுவும் சிறிய அளவில், 2023 வரை காத்திருந்தார்கள்.

ஸ்நேக் ஆற்றில் ஏன் நடக்கவில்லை

ஐஸ் ஹார்பர், லோயர் மானுமென்டல், லிட்டில் கூஸ், லோயர் கிரானிட் ஆகிய நான்கும் 1961-க்கும் 1975-க்கும் இடையே பயன்பாட்டுக்கு வந்தவை. கிளாமத்தில் இருந்த காரணங்கள் ஒவ்வொன்றும் இங்கே தலைகீழாக இருக்கின்றன.

1. உரிமையாளர். இவை அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையின் அணைகள். தனியார் உரிமம் இல்லை, எனவே உரிமம் முடியும் நாளும் இல்லை. இந்த அணை இனியும் வேண்டுமா என்று சட்டப்படி கேட்டே ஆக வேண்டிய தருணம் இங்கு வருவதே கிடையாது. அகற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.

2. மின்சாரம். நிறுவுதிறன் 3,033 மெகாவாட், கிளாமத்தைப் போலப் பதினெட்டு மடங்குக்கும் மேல். சராசரியாகக் கிடைப்பது ஏறக்குறைய 1,000 மெகாவாட். காற்று அடிக்காத குளிர்நாளில் உடனே கூட்டிக்கொள்ள முடிகிற மின்சாரம் என்பதால் அதன் மதிப்பு எண்ணிக்கையைவிட அதிகம். அதை எரிவாயுவால் ஈடுசெய்தால் கரியமில வாயு கூடும்.

3. கப்பல் வழி. படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் இந்த அணைகளில் உண்டு. அவற்றின் வழியாக, கடலிலிருந்து சுமார் 750 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஐடஹோவின் லூயிஸ்டன்வரை சரக்குப் படகுகள் செல்கின்றன. கோதுமை உழவர்கள் அந்த வழியை நம்பியிருக்கிறார்கள். அணை போனால் ரயிலும் சாலையும் வேண்டும்.

4. பாசனம். ஐஸ் ஹார்பர் தேக்கத்திலிருந்து சுமார் 50,000 ஏக்கருக்கு நீர் இறைக்கிறார்கள். அணை போனாலும் ஆற்றில் நீர் இருக்கும், ஆனால் மட்டம் இறங்கும், குழாய்களை நீட்ட வேண்டும்.

5. மீன் ஏணி. இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதனால் "மீன் ஏறத்தான் செய்கிறதே" என்பது அணைத் தரப்பின் வாதம்.

கடைசி வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏணி ஏறுகிற மீனுக்கு உதவும்; இறங்குகிற குஞ்சுக்கு உதவாது. முன்பு பனி உருகிய வெள்ளம் குஞ்சுகளை விரைவாகக் கடலில் சேர்த்துவிடும். இப்போது ஸ்நேக்கில் நான்கு, அது போய்ச் சேரும் கொலம்பியா ஆற்றில் நான்கு என எட்டு அசையாத தேக்கங்களைக் கடக்க வேண்டும். களைப்பு, சூடு, இரைகொல்லிகள், சுழலி எனப் பல வழியில் அவை மடிகின்றன. குஞ்சுகளைப் பிடித்துப் படகிலும் லாரியிலும் ஏற்றி அணைகளைத் தாண்டி விடுகிறார்கள். கடலுக்குப் போகும் குஞ்சுகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஆறு வரை திரும்பினால்தான் இனம் மீளும் என்பது வட்டார மின் மற்றும் மீன்வளக் குழு வைத்திருக்கும் இலக்கு. ஸ்நேக்கின் இயற்கைச் சால்மன்கள் பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டைக்கூட எட்டுவதில்லை.

1992-இல் ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு ஒரே ஒரு சாக்கை சால்மன் திரும்பி வந்தது. கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் நீந்தி, எட்டு அணைகளைத் தாண்டி வந்து சேர்ந்த அந்த ஆண் மீனுக்கு அங்கே துணை இல்லை. மக்கள் அதைத் தனிமை லேரி என்று அழைத்தார்கள். அதன் விந்தைச் சேமித்து, அந்த இனத்தை நீடிக்க வைத்த காப்பக இனப்பெருக்கத்தில் பயன்படுத்தினார்கள். மீன் எவ்வளவு குறைந்தால் போதும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடக் குறைந்த எண் ஒன்று இருக்க முடியாது.

கடலின் வெப்பமும் சால்மனைப் பாதிக்கிறது, அணையில்லாத ஆறுகளிலும் மீன் குறைகிறது என்ற எதிர்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் 2022-இல் அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம், மீன் வளத்தை வளமான அளவுக்கு மீட்க இந்த நான்கு அணைகளை உடைத்து ஆற்றை ஓட விடுவது தேவை என்று அறிவித்தது. அதே ஆண்டு வாஷிங்டன் ஆளுநரும் அம்மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் ஒருவரும் வெளியிட்ட அறிக்கை, அணைகளின் பயன்களை ஈடுசெய்ய 10.3 முதல் 27.2 பில்லியன் டாலர் வரை ஆகும் என்றது. முதலில் மாற்று ஏற்பாடு, பிறகே அணையைத் தொடுவது என்பது அதன் நிலைப்பாடு. கிளாமத்தில் கணக்கு 450 மில்லியனில் முடிந்தது. இங்கே தொகையே வேறு உலகம்.

2023 டிசம்பரில் நடுவண் அரசும், வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களும், நெஸ் பெர்ஸ் உள்ளிட்ட நான்கு பூர்வகுடிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பூர்வகுடிகளின் மின் திட்டங்களுக்கு நிதி தந்து, அணைகளின் மின்சாரத்தைப் படிப்படியாக ஈடுசெய்வதும், அதுவரை வழக்கை நிறுத்தி வைப்பதும் அதன் சாரம். அணைகளை அகற்றும் முடிவு அதில் இல்லை. 2025 ஜூனில் புதிய குடியரசுத் தலைவர் அதற்கு அடிப்படையாக இருந்த ஆணையை இரத்து செய்தார். வழக்கு மீண்டும் நீதிமன்றத்துக்குப் போயிற்று. இப்போது அங்கே வாதிடப்படுவது அணைகள் நிற்க வேண்டுமா என்பதுகூட இல்லை: குஞ்சுகள் இறங்கும் பருவத்தில், எவ்வளவு நீரைச் சுழலிக்கு விடாமல் கலிங்கின் வழியே திறந்துவிட வேண்டும், எந்தத் தேக்கத்தின் மட்டத்தை எவ்வளவு இறக்க வேண்டும் என்பதே.